எஸ்தருக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

கர்த்தருக்குள் அன்பான மகள் எஸ்தருக்கு,

அம்மா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அத்தை, அதான் உன் மாமியார், பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். அவர்களுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ. இதற்கு நடுவில் சாமுவேலுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமா, ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடவா என்பதுதானே கேள்வி?

சேர்த்தால் பாவம் ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிக்கவைப்பது நாம் கர்த்தருக்குச் செய்த பொருத்தனையா என்ன? சபையில் சிலர் பள்ளிக்கூடத்தை எகிப்து, அடிமைத்தன வீடு என்பார்கள். அவர்கள் வீட்டில் கீமோ நடக்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்ததே, அதன்படி ஆறு வயது தாண்டியும் பள்ளியில் சேராத பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். எட்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்களோ என்று மாப்பிள்ளை பயப்பட வேண்டாம்.

ஆனாலும் இந்த வருஷம் அவன் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. கீமோ ஏற்றி ஒரு வாரம், பத்து நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வகுப்பிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சாதாரண சளிகூட அத்தையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடலாம். அவன் வீட்டில் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

'எப்படி நேரம் கிடைக்கும்' என்கிறாய். கிடைக்காது. நமக்கும் கிடைத்ததில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தது 2002-ல், உனக்கு ஒன்பது வயது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி. மிஷினில் நாலு மணி நேரம், போக வர, காத்திருக்க என்று பொழுது முழுக்க அதற்கே போய்விடும். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலையில் இருந்ததால் வைத்தியத்துக்குக் கையேந்தவில்லை, அது பெரிய கிருபை. உங்கள் ஆயாதான் வீட்டில் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி காலையில் தமிழ் வாசிப்பு, இங்கிலீஷ் வாசிப்பு, கணக்கு, ஜெபம். அவ்வளவுதான் நம் பள்ளிக்கூடம். சமூக அறிவியல் புத்தகம் மாசக்கணக்கில் திறக்காமல் கிடந்தது. இன்றைக்கு உனக்கு எது குறைந்துவிட்டது?

அப்பாவின் எடை நோட்டு ஞாபகம் இருக்கிறதா? கோடு போட்ட நோட்டு, நீதான் எழுதுவாய். மிஷினில் படுக்கும் முன் 61.4, எழுந்த பின் 58.9. தசமப் புள்ளி கழித்தலை நீ கற்றது அதில்தான். "ரெண்டரை கிலோ தண்ணியாம்மா? எங்க இருந்துச்சு?" என்று கேட்டாய். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அப்பா வேட்டியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் உன் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நீ எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தாய், மெல்ல மெல்ல அது மேலே வந்தது. இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் கை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். தம்பி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான். ரத்த ஓட்டம் பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்கவே இல்லை.

காலையில் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வைப்பேன், அப்பா அன்றைக்குக் குடிக்கலாம் என்ற அளவு அதுதான். அப்பா காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுவீர்கள். ரசமும் மோரும் அந்தக் கணக்கில்தான். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் அப்பாவுக்குப் போடுவேன். ஏன் என்று கேட்டபோது, கீரையில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும் என்று அவரே விளக்கினார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, உப்பு ஆகாது என்று கருவாடு இல்லாமல் சாப்பிட்ட மனுஷன்!

சாமுவேலிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டைக் கொடு. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்துப் புள்ளி வைத்து, கோடு இழுக்கட்டும். எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று அவனே கண்டுபிடிப்பான். அதற்கு மேல் அவனை இழுக்காதே. மாத்திரை எடுத்துக்கொடுப்பது, ராத்திரி முழித்திருப்பது எல்லாம் பெரியவர்கள் வேலை. கீமோ ஏற்றின இரண்டு நாள் அத்தையின் வாந்தி, சிறுநீர் பட்ட துணியை நீ கையுறை போட்டுத் துவை, பையன் தொடக்கூடாது. சாயங்காலம் ஆனால் வெளியே போய் விளையாடட்டும்.

இனி ஜெப விஷயம். எனக்கு இதுதான் பெரிய கவலை. "நல்லா ஜெபம் பண்ணு, பாட்டிக்குக் கண்டிப்பா சரியாயிடும்" என்று அவனிடம் யாரும் சொல்ல விடாதே. சரியாகாவிட்டால் அந்தப் பிள்ளை தன் ஜெபம் பத்தவில்லை என்றுதான் நினைப்பான். தம்பி ஒரு ராத்திரி, "நான் பொய் சொன்னதாலயா அப்பாவுக்கு இப்படி?" என்று என்னைக் கேட்டான். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. திரும்பவும் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

ஊசியை நம்புகிறவன் கர்த்தரை நம்பவில்லை என்று ஒரு சகோதரர் அப்பா முகத்துக்கு நேரே சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. அப்பா கோபப்படவே இல்லை. உன்னைக் கூப்பிட்டு இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதை அவர்கள் பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள். நீ கணீரென்று வாசித்தாய். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் காபி மட்டும் நம் பாட்டில் கணக்கில் சேரவில்லை!

உன் கோயம்புத்தூர் வீட்டுக்கும் அப்படி யாராவது வருவார்கள். சண்டை போடாதே, ஆனால் சாமுவேலை அவர்களோடு தனியாக உட்காரவும் வைக்காதே. பாட்டிக்காக என்ன ஜெபிப்பது என்று கேட்டால், இன்றைக்கு வாந்தி இல்லாமல் இருக்க, நாலு வாய் கஞ்சி இறங்க என்று அன்றன்றைக்கு உள்ளதைக் கேட்கச் சொல். அப்பாவுக்காக நாம் அப்படித்தான் கேட்டோம். அப்பா போன பிறகும் நீங்கள் இருவரும் ஜெபத்தை விடவில்லை, அதை நான் பார்த்தேன்.

பரீட்சையைப் பற்றி இப்போது மண்டையை உடைத்துக்கொள்ளாதே. உன்னைப்போல என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத அவனுக்குப் பதினாலு வயது ஆகவேண்டும். ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. தம்பி கணக்கை அடுத்த தடவைதான் முடித்தான், குடி முழுகிவிடவில்லை.

வீட்டில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். அத்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அடுத்த கீமோ தேதியை மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். அதற்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். பையனுக்கு வாய்ப்பாடு எதுவரை தெரியும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா