விளம்பரம் இல்லாத பத்திரிகை

அன்புள்ள ராமுவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதம் படிக்காதே என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீ கேட்கிற ஆளா? என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

வீடு மாறப்போகிறோம். பரண் மாதிரி கிடந்த அலமாரியைக் கிளறியபோது 1988இல் வாங்கிய ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ என்ற ஹாங்காங் வாரப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. அசல் இல்லை, நகல். கட்டுரை எல்லாம் இருக்கிறது, விளம்பரம் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கதை உனக்குத் தெரியாது. 1986இல் இங்கே சிங்கப்பூரில் பத்திரிகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறது என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை அரசிதழில் அறிவித்துவிட்டால், எத்தனை பிரதி விற்கலாம் என்பதை அரசாங்கம் சொல்லும். தடை என்ற பேச்சே கிடையாது. முதலில் மாட்டியது அமெரிக்க வாரப் பத்திரிகையான டைம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே எதிர்க்கட்சி எம்.பி. ஆன ஜெயரத்னம் பற்றி எழுதியது. அரசாங்கத்தின் மறுப்பை அப்படியே போட மறுத்தது. 18,000 பிரதி 9,000 ஆகி, பிறகு 2,000 ஆனது. ஏசியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழுக்கு 5,000இலிருந்து 400. எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த பேப்பரும் அதோடு நின்றது. யாரோ ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவார்கள். என் மேசைக்கு வந்து சேரும்போது எழுத்து மங்கி, ஓரமெல்லாம் கறுத்திருக்கும்.

ரிவியூவின் முறை 1987 டிசம்பரில் வந்தது. இனி 500 பிரதிதான் என்றதும் அவர்கள் வீம்பாக அந்த 500உம் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதமே சட்டத்தை மறுபடி திருத்தி, இப்படி அறிவிக்கப்பட்ட பத்திரிகைகளை விளம்பரத்தை எடுத்துவிட்டு நகலெடுக்கலாம் என்றார்கள். என்ன சாமர்த்தியம் பார்! படிப்பதை யார் தடுத்தார்கள் என்று கேட்கலாம், அடி மட்டும் நேராகப் பத்திரிகையின் கல்லாப்பெட்டியில் விழும்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் அரசாங்கத்தின் பக்கம்தான் பேசினேன். எங்களைப் பற்றி எழுதினால் எங்கள் பதிலையும் முழுசாகப் போடு என்பதில் என்ன தப்பு? அதில் பாதி எனக்கு இன்றும் சரி என்றுதான் படுகிறது. ஆனால் பதில் எத்தனை வரி, எதை வெட்டக் கூடாது என்பதெல்லாம் அமைச்சகமே சொல்லுமானால் ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு? வெளிநாட்டுக்காரனுக்கே இந்தக் கதி என்றால் உள்ளூர்க்காரன் எப்படி வாய் திறப்பான்? இதெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த காலம்.

உன் பக்கத்துக் கூத்தும் நினைவுக்கு வந்தது. 2011இல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் வந்த காஷ்மீர் வரைபடத்தில் எல்லை தப்பு என்று, அதன் மேல் 28,000 பிரதியிலும் ஒவ்வொன்றாகக் கையால் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டவைத்தார்களே. நகத்தால் சுரண்டப் போய் படமும் சேர்ந்து கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் சிரித்த சிரிப்பில் சரோஜா எட்டிப் பார்த்தாள். அந்தப் பிரதி இன்னும் இருக்கிறதா?

பொங்கலுக்குச் சின்னவன் ஊருக்கு வருகிறான். இந்த நகலை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். விளம்பரம் இல்லாததால் கனமும் இல்லை. கண் சரியானதும் படி, அதற்கு முன்னால் வேண்டாம்.

அன்புடன்,
கண்ணன்