ஃபோனில் நாலு கோடு, மோட்டார் ரூமில் ஒன்றுமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாரைப் பிரித்துக் கட்டுவதுதான் தொழில் என்றாலும், நாலைந்து வருடமாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, ஃபோன் அடித்தால் தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்பார்கள். கடை மேஜையில் வைத்து ஃபோன் அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுத்து மோட்டாரைப் போடும் ரிலே ஸ்விட்ச் டக்கென்று விழும். பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. கொண்டுபோய்த் தோட்டத்தில் மாட்டினால் மறுபடி பழைய கதைதான்.

இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது. நல்ல விஷயம், நான் குறை சொல்ல வரவில்லை. ராத்திரி த்ரீ பேஸ் வரும் நேரம் பார்த்து டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் மாட்டுகிற இடத்தில், அந்தக் கருவிக்கே, சிக்னல் எட்டுகிறதா என்று சோதித்துவிட்டு மாட்டுகிற ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகர்மலை அடிவாரத்தில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர் இருக்கிறார். மூணு ஏக்கர், தென்னையும் கொஞ்சம் வாழையும். விற்ற பையன் வந்தான், பாக்கெட்டில் இருந்து தன் ஃபோனை எடுத்தான், "நாலு கோடு காட்டுது, ஜம்முனு எடுக்கும்" என்றான், மாட்டினான், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் ஃபோனில் இருந்தது வேறு கம்பெனியின் 4ஜி சிம். பெட்டிக்குள் டவரோடு பேசுகிற பகுதியான மோடமோ பழைய 2ஜி மட்டும் பேசுவது. அந்த நாலு கோட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? அதோடு, கோடு என்பது ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைவது. இத்தனை சிக்னலுக்கு இத்தனை கோடு என்று பொது அளவு எதுவும் கிடையாது. ஒரே இடத்தில் ஒரே கம்பெனி சிம்மோடு இரண்டு ஃபோனை வைத்துப் பாருங்கள், ஒன்று மூணு காட்டும், இன்னொன்று ஒன்று காட்டும்.

பத்து நாள் கழித்து மோட்டார் என் கடைக்கு வந்தது. ஆன் செய்த அழைப்பு போயிருக்கிறது, ஆஃப் செய்த அழைப்பு போகவில்லை, கிணற்றில் தண்ணீர் வற்றியும் ஓடிக்கொண்டே இருந்து காயில் கருகிவிட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் டிரை ரன் தடுப்பையும் அந்தப் பையன் செட் பண்ணாமல் விட்டிருந்தான். எனக்கு வரும்படிதான், ஆனால் சொந்தக்காரரிடம் அந்தக் காசை வாங்கக் கை கூசியது.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் மூணு கம்பெனி சிம்மும் எடுத்துக்கொண்டு போனேன். மோடத்தைக் கேட்டால் அதுவே சிக்னல் அளவைச் சொல்லும், 0 முதல் 31 வரை ஓர் எண்ணாக. சில பெட்டிகளில் லேப்டாப்கூட வேண்டாம், ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிலில் அந்த எண் வரும். 0 என்றால் மைனஸ் 113 டிபிஎம் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் கூடக்கூட பலவீனம்), அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் 2 டெசிபெல் கூடும். 99 என்று வந்தால் அளக்கவே முடியவில்லை என்று அர்த்தம், அதைப் பார்த்து "99 காட்டுது, ஃபுல் சிக்னல்" என்று சந்தோஷப்பட்ட ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். மாமா தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு வெளியே பெட்டியைத் திறந்து வைத்தபோது 17 வந்தது. உள்ளே சுவரில் மாட்டி, இரும்புப் பெட்டியின் கதவைச் சாத்தி, மறுபடி கேட்டேன். 8. ஒன்பது எண் குறைந்தால் 18 டெசிபெல். 3 டெசிபெல் குறைந்தாலே சிக்னல் பலத்தில் பாதி போய்விடும், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், 18 என்றால் அறுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. தகரக் கூரை, இரும்புப் பெட்டி, அதற்குள் விரல் நீள ஆன்டெனா. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊரைக் கூப்பிடுவது மாதிரி.

ஆன்டெனாவை வெளியே எடுத்தால் போதுமே என்பீர்கள். போதும், ஆனால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. கடையில் கிடைக்கிற மெல்லிசு ஒயர் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் தின்னும், 1800 மெகாஹெர்ட்ஸ் மாதிரி மேலே உள்ள அலைவரிசையில் இன்னும் கூடுதலாகத் தின்னும். தென்னை உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிப் பத்து மீட்டர் ஒயர் இழுத்தால் உயரத்தில் கிடைத்ததெல்லாம் ஒயரிலேயே கரைந்துவிடும், இடி விழும் பயம் வேறு.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. சிக்னல் எண் என்பது டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பது மட்டும்தான். நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. டவர் 20, 40 வாட்டில் கத்துகிறது. 2ஜி மோடம் அதிகபட்சம் 2 வாட். 4ஜி மோடம் 0.2 வாட், கால் வாட்கூட இல்லை. அதனால் எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தக்கூடாது, அங்கிருந்து ஒரு செய்தியை அனுப்ப வைத்து அது வந்து சேருகிறதா, எத்தனை விநாடியில் சேருகிறது என்று பார்க்க வேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில் 2ஜி மோடம் முழுப் பலத்தோடு கத்தும்போது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டிக்குள் இருக்கிற சின்ன பேட்டரி பழசாகிவிட்டால் அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்டேஜ் விழுந்து மோடம் அணைந்து மறுபடி எழும். நாம் அதற்கும் "டவர் இல்லை" என்று பெயர் வைத்துவிடுவோம். மாமா பெட்டியில் இதுவும் இருந்தது, பேட்டரியை மாற்றியதும் பாதிப் பிரச்சினை போனது.

மீதிப் பாதி நேரக் கோளாறு. மத்தியானம் போய் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு எடுக்கிறது என்று எழுதிக்கொண்டால் அது டெஸ்ட் இல்லை. நான் மூணு நாள் வீட்டில் இருந்தபடியே வேளைக்குப் பத்து முறை அடித்துக் குறித்தேன். காலையில் பத்துக்கு ஒன்பது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஊரே ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், பத்துக்கு ஐந்து. கரண்ட் போய் வந்தவுடன் கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. கரண்ட் நின்றால் டவரும் பேட்டரியில்தான் நிற்கிறது, அது தீர்ந்தால் அதுவும் படுத்துவிடும். வந்ததும் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஃபோன், பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் டவரின் கதவைத் தட்டும். மோட்டாரைப் போட வேண்டியதே கரண்ட் வந்த அந்த நேரத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி அடர்ந்து நிற்கும்போதும், அலங்காநல்லூர் பக்கம் கரும்பு ஆளுயரம் தாண்டி நிற்கும்போதும், ஈர இலை எல்லாம் சிக்னலைக் குடிக்கும். அறுத்துப் போட்ட வெறுங்காட்டில் டெஸ்ட் பண்ணி மாட்டிய பெட்டி ஆறு மாதம் கழித்து ஏன் எடுக்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். மலையும் அப்படித்தான். நாகமலைக்கு இந்தப் பக்கம் டவர், அந்தப் பக்கம் நிலம் என்றால் 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரிக் கீழ் அலைவரிசை கொஞ்சமாவது வளைந்து போகும், 2300 எல்லாம் பாறையில் முட்டி நின்றுவிடும்.

4ஜி பெட்டி வாங்குங்கள், தீர்ந்துவிடும் என்கிறார்கள். அதிலும் கேட்டு வாங்க வேண்டியது இருக்கிறது. சில 4ஜி மோடங்களில் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே ஃபோன் பேசும் வசதி, கிடையாது. டேட்டா 4ஜியில் போகும், ஆனால் நாம் ஃபோன் அடித்தால் அந்த அழைப்புக்கு 2ஜிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே 2ஜி இல்லை என்றால் சிக்னல் அருமையாகக் காட்டிக்கொண்டே அழைப்பை எடுக்காது. 2016-ல் வந்த ஜியோவில் 2ஜியே கிடையாது என்பதால் அந்த சிம்மை 2ஜி பெட்டியில் போடுவதும் வீண். அப்புறம் 4ஜியில் அந்த 31 வரையான எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. அது காதில் விழும் மொத்தச் சத்தத்தையும் அளக்கிறது, பக்கத்து டவர்களின் இரைச்சலையும் சேர்த்து. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் சத்தத்துக்கா பஞ்சம், நம்மிடம் விலை சொல்கிறவர் குரல் கேட்கிறதா என்பதுதானே கணக்கு. அந்த ஒரு குரலை மட்டும் அளப்பதற்கு ஆர்எஸ்ஆர்பி என்று தனி அளவு இருக்கிறது. அது மைனஸ் 100 டிபிஎம்முக்கு மேலே இருந்தால் நிம்மதி, மைனஸ் 110-க்குக் கீழே போனால் நான் அந்த இடத்தில் மாட்டமாட்டேன்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி செல்போன் கம்பெனிகள் எங்கெங்கே என்ன சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். போய்ப் பாருங்கள், எந்த கம்பெனி சிம் என்று முடிவெடுக்க முதல் படியாக உதவும். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் மோட்டார் ரூமின் தகரக் கூரை தெரியாது. வீடுகளுக்கு, சிக்னலிலேயே கணக்கை அனுப்புகிற ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்கிற பேச்சு நடக்கிறதே, மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற மீட்டருக்கும் இதே பாடுதான் வரும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விற்கிறவர் கருவியை, அதே சிம்மோடு, மாட்டப்போகிற அதே சுவரில், பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு அளந்து, அந்த எண்ணையும் பத்துக்கு எத்தனை அழைப்பு எடுத்தது என்பதையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். ராத்திரி ஒரு முறையும் கரண்ட் போய் வந்த பிறகு ஒரு முறையும் பார்த்திருக்க வேண்டும். மானியம் கொடுக்கும் துறை அந்தச் சீட்டையும் மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கேட்டாலே போதும், விற்கிறவர்கள் தானாக வழிக்கு வருவார்கள். ஆதார், சிட்டா, அடங்கல் என்று அத்தனை நகல் வாங்குகிறார்கள், இது ஒரு கால் பக்கம். எட்டாத இடம் என்று தெரிந்தால் விற்காமல் திரும்பிப் போக வேண்டும், எனக்குத் தெரிந்து அப்படிப் போனவர் ஒருவர்தான்.

மாமா தோட்டத்தில் கடைசியில் சிம் கம்பெனியை மாற்றி, மோட்டார் ரூம் மேல் பன்னிரண்டு அடி ஜிஐ பைப் நட்டு, கொஞ்சம் தடித்த ஒயரில் ஆன்டெனாவை ஏற்றினோம். இப்போது ராத்திரியிலும் பத்துக்கு ஒன்பது எடுக்கிறது. போன வாரம் திடீரென்று மறுபடி நின்றுவிட்டது என்று ஃபோன் வந்தது. போய்ப் பார்த்தால் மலையில் இருந்து இறங்கிய குரங்கு பைப்பில் ஏறி ஆன்டெனாவைக் கடித்து வளைத்து வைத்திருக்கிறது. புதுசு மாட்டி முள்கம்பி சுற்றிவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் ஒரு மாதம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
காயில் கடைக்காரர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.