சாவகத்து மண்டபமும் நம் கொல்லைத் தாழ்வாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்வோருக்கு ஏற்ற அறையை அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மொட்டை மாடியில் கான்கிரீட் அறை ஒன்றை எழுப்பி, அதில் ஏசி பொருத்திக்கொள்வதே எளிய வழி என்று அதில் கூறப்பட்டிருந்தது. அந்த வழியிலேயே சென்று, பணத்தையும் ஒரு கோடைக்காலத்தையும் இழந்தவன் நான். ஆகவே, டெல்டா மாவட்டங்களில் இன்னும் எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளுக்குப் பொருந்தக்கூடிய வேறொரு வழியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நான் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்த, நம் பழைய நூல்கள் சாவகம் என்று சொல்லும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கண்டு கற்றது.

நடு ஜாவாவின் சுரகர்த்தா நகருக்கு அருகில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் முன்புறம், சுவரே இல்லாத விசாலமான கூடம் ஒன்று இருந்தது. அதை அவர்கள் 'பெண்டோபோ' என்கிறார்கள்; 'மண்டபம்' என்ற சொல்லின் திரிபுதான் அது. அதன் நடுவே நான்கு பெருந்தூண்கள் நிற்கும். 'சாகா குரு' என்று பெயர் பெற்ற அத்தூண்களின் தலையில், மேலே செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும்படி உத்திரங்களை அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள். நம் கோயில் தூண்களின் தலையில் பாரம் தாங்க விரிந்து நிற்கும் போதிகையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த அடுக்கின் பயன் உடனே விளங்கிவிடும். 'தும்பாங் சாரி' எனப்படும் அந்த அடுக்கின்மேல்தான் நடுக்கூரை செங்குத்தாக எழுந்து, பிறகு நாற்புறமும் சரிவு குறைந்து, வெளித்தூண்கள் வரை தாழ்ந்து இறங்கும். இந்தக் கூரை அமைப்பின் பெயர் 'ஜொக்லோ'. இது செல்வரும் பிரபுக்களும் கட்டிய வகை. எளியோர் வீடுகள் இதைவிடச் சுருக்கமான கூரைகளைக் கொண்டவை.

தூண்கள் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. 'உம்பாக்' என்ற அடிக்கல்லின்மேல் அமர்ந்திருக்கும். ஆணியின்றி, ஒன்றின் முனை மற்றதன் துளைக்குள் நுழையும்படி மரத்தோடு மரம் கழுந்தும் துளையுமாகவே சேர்க்கப்படுவதால், வீட்டையே கழற்றி வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்த முடியும். 2006ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் விடியற்காலையில் யோக்யகர்த்தா வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது நான் அந்தக் கூடத்தில்தான் படுத்திருந்தேன். பொருத்துகள் ஒவ்வொன்றும் முனகும் ஓசை கேட்டது, ஓடுகள் சில சரிந்தன, தூண்கள் நின்றன. அன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய மர வீடுகள் எல்லாமே தப்பின என்று சொல்ல மாட்டேன். உளுத்துப்போன மரம் கொண்டவை யோக்யகர்த்தாவின் பழைய பகுதியான கோத்தாகெடேயில் விழுந்ததை நேரில் பார்த்தேன். ஆனாலும் அன்றுதான் ஒன்று என் மனத்தில் பதிந்தது. அந்தக் கட்டடத்தில் பாரம் முழுவதையும் தூண்கள் தாங்குகின்றன. சுவர் எதையும் தாங்குவதில்லை.

சுவருக்குப் பாரம் இல்லையென்றால் அதை வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாதபோது எடுக்கலாம். ஜாவாக்காரர்கள் உள்வீட்டுக்கும் வெளிக்கூடத்துக்கும் இடையே 'கெப்யோக்' என்னும் சித்திர வேலைப்பாடுள்ள மரத்தடுப்பை நிறுத்துகிறார்கள். திருமணம் போன்ற விசேடங்களின்போது அதன் பலகைகளைக் கழற்றிவிட்டால் இரண்டு கூடங்களும் ஒன்றாகிவிடும். வந்தவர் அமரும் பெண்டோபோ, நிழற்பாவைக் கூத்து நடக்கும் 'பிரிங்கித்தான்' என்ற இடைவழி, குடும்பத்தார் புழங்கும் 'தலெம்' என்று வெளியிலிருந்து உள்ளே செல்லும் வரிசை, நம் திண்ணை, ரேழி, கூடம் என்ற வரிசைக்கு மிக நெருக்கமானது. தலெமின் பின்புறம் மூன்று அறைகள் உண்டு. நடு அறை நெல்லுக்கு உரிய தேவி ஸ்ரீக்கு என ஒதுக்கப்பட்டது. அதில் யாரும் படுப்பதில்லை. நெல் சேர்த்து வைக்கும் குதிர் இருந்த அறைக்குள் செருப்புக் காலோடு நுழைந்ததற்காக என் பாட்டியிடம் அடி வாங்கியவன் ஆதலால், அந்த வீட்டு அம்மையார் அதை எனக்கு விளக்கியபோது அது அயல்நாட்டு வழக்கமாகவே எனக்குத் தோன்றவில்லை.

2020இல் என் மகள் சென்னை நிறுவனப் பணியோடு குத்தாலம் அருகிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினாள். நானும் எல்லாரையும் போல ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்து, வீட்டின் தளம் போட்ட பகுதிக்கு மேலே அறை கட்டினேன். பகல் முழுதும் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட் அதை இரவில்தான் வெளியே விடும். எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுட்டது. கோடையில் மின்னழுத்தம் குறைந்து ஏசி நின்றுவிட்டால், மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே தாழ்வாரத்துக்குத்தான் வருவாள். அவள் தானாகவே வந்து அமர்ந்த இடம் எது என்பதை நான் கவனிக்க ஓராண்டு ஆயிற்று.

பிறகு கொல்லைப்புறத் தாழ்வாரத்தை ஒட்டிப் பதினான்கு அடிச் சதுரத்தில் ஒரு சிறு மண்டபம் அமைத்தோம். பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் நான்கு தேக்குத் தூண்களை விலைக்கு வாங்கி, சதுரத்தின் மூலைகளில் நிறுத்தாமல், ஜொக்லோவில் போல நடுவே எட்டடி இடைவெளியில் அடிக்கற்களின்மேல் நிறுத்தினோம். நடுக்கூரையை உயர்த்தி, சுற்றுக்கூரையை ஆறரை அடி வரை தாழ்த்தி, நாட்டு ஓடு வேய்ந்தோம். சூடேறிய காற்று முகட்டுக்கு ஏறி ஓட்டின் இடுக்குகள் வழியே வெளியேறிவிடுகிறது. தாழ்ந்த இறக்கம் வெயிலையும் சாரலையும் தடுக்கிறது. தரையை முற்றத்தைவிட ஒன்றரை அடி உயர்த்திச் செங்காவி இட்டோம். மேசை நான்கு தூண்களுக்கு நடுவே, திரையில் வெளிச்சம் படாதபடி பக்கவாட்டில் ஒளி விழுமாறு இருக்கிறது. மின்கம்பிகள் தூணைத் துளைக்காமல், அதன் மறுபக்கத்தில் மரப்பட்டி ஒன்றுக்குள் ஓடுகின்றன. அலுவலகக் கூட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும், பழைய கதவுகளை இணைத்துச் செய்த மடிப்புத் தடுப்பை வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொள்கிறாள். மாலையில் அதை மடித்து வைத்தால் பணியிடம் மறைந்து தாழ்வாரம் திரும்பிவிடுகிறது. மாடி அறைக்கு இந்தக் குணம் கிடையாது. அது இரவிலும் அலுவலகமாகவே பூட்டிக் கிடந்தது.

ஜாவாவை அப்படியே படியெடுப்பது மட்டும் கூடாது. அங்கே மரபு வீடுகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியவை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் அவர்களுக்கு வடக்கே செல்கிறது; தெற்கு நிழலாகிறது. நமக்கு இது தலைகீழ். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை தவிர, நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கேதான் இருக்கிறது. ஆகவே திறந்த பக்கம் வடக்கே இருக்க வேண்டும். கோடை மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் உச்சிக்கு மிக அருகில் நிற்பதால், கூரை இறக்கமே போதுமான நிழல் தருகிறது. தென்றலுக்காகத் தெற்கே உயரமான மரச்சட்டச் சன்னல்களும், மேல்வெயிலுக்கு எதிராக மேற்கே செங்கல் சுவரும் வைத்தோம். கொசுவுக்காக வடக்குப் பக்கம் முழுவதும் வலைச்சட்டம் போட நேர்ந்தது. அது காற்றைக் கொஞ்சம் குறைக்கிறது, வேறு வழியில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது காற்றின் வேகம். கல்லின்மேல் வெறுமனே அமரும் தூண், மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். புயல் கூரையை மேல்நோக்கித் தூக்கும்போது அதற்குப் பிடிப்பு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஓடுகளையும் தென்னைகளையும் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. எங்கள் ஆச்சாரி அடிக்கல்லைப் பார்த்த உடனே, "ஐயா, இதை இப்படியே விட்டா அடுத்த புயலுக்குத் தூணோட கூரை கொல்லைக்குப் போயிடும்" என்றார். அவர் யோசனைப்படி ஒவ்வொரு தூணையும் இரும்புப் பட்டையால் அடித்தளத்தோடு பிணைத்து, உத்திரத்துக்கும் தூணுக்கும் இடையே முடுக்காணி இட்டோம். ஆணியில்லா மரபு கெட்டுவிட்டதே என்று எனக்கு வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் சொன்னதே சரி. கறையான் ஏறாமல் இருக்க அடிக்கல் மண்ணுக்கு மேலே ஒன்பது அங்குலம் தெரியும்படி விட்டதும் அவர் யோசனையே.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் கடந்த ஐந்தாண்டுகளில் மூன்று ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. தூண்களும் நிலைக்கதவுகளும் லாரியில் ஏறி, பழம்பொருள் வணிகரிடம் போய்ச் சேர்ந்தன. இடித்தவர்கள் அனைவரும் பிள்ளைகளின் பணிக்கு வசதியான அறை வேண்டும் என்றே இடித்தார்கள். அந்த வசதி அவர்கள் விற்ற தூண்களுக்குள்ளேயே இருந்தது என்பதை எடுத்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை. தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு டெல்டா வீட்டின் அளவு வரைபடத்தையும், அதை இடிக்காமல் பணியிடத்துக்கு ஏற்ப மாற்றும் முறையையும் அனுபவமுள்ள தச்சர்களைக் கொண்டு எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் மாணவர்கள் விடுமுறையில் ஒரு தெருவை அளந்தாலே ஓராண்டுக்குத் தேவையான வரைபடங்கள் கிடைத்துவிடும். எங்கள் கொல்லை மண்டபத்தின் அளவுகளையும், ஆச்சாரி பென்சிலால் போட்ட பொருத்து வரைபடங்களையும் இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றை வெளியிட எனக்கு முழுச் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.