பயத்தைச் சொல்ல இடம் கொடுங்கள்: நம் சேகரகுருமார்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலங்களில் சபைகளை நடத்துகிற சேகரகுரு ஐயாமார்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், சேகர கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தை, அதாவது ஆண்டவர் செய்த நன்மையை எழும்பிச் சொல்லும் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். உபவாச ஜெபத்தில் எழும்பி நிற்கிறவர்கள் எல்லாரும் ஆபத்தைத் தாண்டி வந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகளுக்கு வரன் அமைந்தது, பையனுக்கு வேலை கிடைத்தது. எல்லாம் உண்மை. நானும் சேர்ந்து ஆமென் சொல்கிறேன். ஆனால் பயம் இன்னும் போகாதவர் எந்த நேரத்தில் எழும்புவார், என்ன சொல்வார்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி எங்கெங்கோ வீட்டுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் சோறு பொங்கிப் போட்ட சபைகளை நான் அறிவேன், அதற்காகக் கர்த்தருக்கு நன்றி. வெள்ளம் வடிந்ததும் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அத்தோடு வெள்ளம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், பாடகர் குழுவில் பாடுகிறவர். ஐப்பசி பிறந்து முதல் இடி இடித்ததும் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டும் படுக்க மாட்டார். வாசற்படிக்குத் தண்ணீர் வருகிறதா என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும், சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் ஜெபக் குறிப்பாகக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அவ்வளவு பெரிய வெள்ளத்துல காப்பாத்தினாரே, இன்னும் பயப்படுதேன்னு சொன்னா, இவளுக்கு விசுவாசம் இல்லன்னு நெனைக்க மாட்டாவளா?" என்றார். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

ஐயாமார்களே, அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். "பயப்படாதே" என்ற வசனத்தை அதட்டலாகவே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். வேதத்தில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்கள். "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்பதும் பல இடங்களில் கூடவே வருகிறது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். ஆண்டவர் மூன்று பேரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். அவர் அதை மறைக்கவில்லை. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, விழித்திருங்கள்" என்று தம் சீஷர்களிடமே கேட்கிறார். மரித்தவர்களை எழுப்பியவர், மீன்பிடிக்கிறவர்களிடம் துணைக்கு இருக்கச் சொல்லிக் கேட்கிறார்! அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். தேவகுமாரனே வாய்விட்டுச் சொன்னதை நம் சபையில் ஒரு விசுவாசி சொல்லக் கூச்சப்படுகிறார் என்றால், கூச்சப்பட வேண்டியவர் அவரல்ல.

என் வீட்டிலும் ஒரு பயம் இருந்தது. மூத்தவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். ராத்திரி போன் அடித்தால் கை நடுங்கும், எடுக்க மாட்டேன், அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் எங்கள் சபையின் வயதான பெண் ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் வசனம் எதுவும் எடுக்கவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கொஞ்ச காலம் தினமும் ராத்திரி அவரே போன் போட்டு, இரண்டு வரி ஜெபம் சொல்லிவிட்டு வைப்பார். ராத்திரி மணி அடித்தால் அது ஜெபமாகவும் இருக்கலாம் என்று என் நெஞ்சுக்கு மெல்லப் பழகியது. இப்போதும் துணுக்கென்றுதான் இருக்கும், ஆனால் எடுத்துவிடுகிறேன். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவரை வருத்திய முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்தக் கிருபை எனக்கு ஒரு கிழவியம்மாவின் குரலில் வந்தது.

சபையில் இன்னும் என்னென்ன பயம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தால் மனசு கனக்கிறது. பீடி சுற்றுகிற எத்தனையோ பெண்கள் நாள்பட்ட இருமலைக் காட்டப் போகாமல் இருக்கிறார்கள், டிபி என்று சொல்லிவிடுவார்களோ என்று. குழு லோன் வசூலுக்கு ஆள் வருகிற கிழமையை நினைத்தே சோறு இறங்காதவர்கள் உண்டு. வேறு சாதிப் பிள்ளையை விரும்பிவிட்டு, தெரிந்தால் வீட்டில் என்ன செய்வார்களோ என்று உயிரைக் கையில் பிடித்துத் திரிகிற பையன் நம் வாலிபர் சங்கத்திலேயே இருப்பான். அவன் காதுபடவே, திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கோவில் வாசலில் நின்று கணக்குப் போடுகிறோம். அவன் யாரிடம் வந்து சொல்வான்?

நம் சபைகளே பயந்தவர்களால் உண்டானவை. கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்தவர்களுக்காக 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர்தான் முதலூர். பயத்தை ஜெயித்துவிட்டு வா, அப்புறம் மனை தருகிறேன் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முதலில் இருக்க இடம் கிடைத்தது. அடுத்த வீட்டில் தங்களைப் போலவே ஓடிவந்த இன்னொரு குடும்பம் இருந்தது. அங்கேதான் தைரியம் வளர்ந்தது. இன்றைக்கும் அதே வரிசையில் நடந்தால் என்ன?

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஜெபக் குறிப்புகளை ஊர், பேரோடு மைக்கில் வாசிப்பதை நிறுத்துங்கள். காலையில் வாசித்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது, அதற்குப் பயந்தே பலரும் எழுதிக் கொடுப்பதில்லை. வீடு சந்திப்புக்கு வரும்போது வசனம் வாசிக்கும் முன்னால், "என்ன பயமாயிருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலருக்குத் திடீரென்று மார்பு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை. இப்படி வருகிறவர்களைப் பிசாசு என்றும் அவிசுவாசம் என்றும் சொல்லித் துரத்தாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அதே தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று எழுதியதும் அதே பவுல்தான். மாத்திரை சாப்பிடுகிறவரை அவிசுவாசி என்று பீடத்திலிருந்து சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

உங்களுக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரியும். எந்த ஊருக்கு மாற்றல் வருமோ, நடுப்படிப்பில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாகுமோ, கமிட்டியில் யார் என்ன கிளப்புவார்களோ என்று ஐயாவும் அவர் மனைவி ஐயரம்மாவும் தூங்காத ராத்திரிகள் இருக்கும். வருகிற பெரிய வியாழன் ஆராதனையில் கெத்செமனே பகுதியை வாசித்துவிட்டு, அதில் ஒன்றைச் சொல்லி உங்கள் பிரசங்கத்தை ஆரம்பியுங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துக் கோவிலைப் பூட்டிவிடாமல், ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பேச வருகிறவர்களோடு உட்கார, கேட்டதை வெளியே சொல்லாத பெரியவர்கள் இரண்டு பேர் போதும். எங்கள் சேகரத்தில் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்