அலையில் இறங்கும் முன், தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீ, பழைய யமஹா சூப்பர்ஜெட் ஒன்றை வாங்கிவிட்டாய், அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் பசிபிக் சிட்டி கடற்கரை அலையில் இறக்கப் போகிறாய் என்று படத்தோடு எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் வேகம் கூட்ட எந்த எக்ஸாஸ்ட், எந்த இம்பெல்லர் (தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறி) போடலாம் என்று கேட்டிருக்கிறாயே, அதை இப்போதைக்குத் தள்ளி வை. அதிலுள்ள 701 சிசி இன்ஜினே உனக்கு இந்த வருஷம் தாராளம். அலையில் வண்டி கவிழ்ந்துகொண்டே இருக்கும், நிமிர்த்தியதும் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும், காசை முதலில் அதற்குச் செலவு செய்.

வண்டிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றக் கம்பெனி வைத்த பில்ஜ் குழாய், வண்டி ஓடும்போதுதான் தண்ணீரை உறிஞ்சும். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும், நமக்கோ அப்போதுதான் அது தேவை. அதனால் பேட்டரியில் ஓடும் பில்ஜ் பம்ப் இரண்டு போடு, மணிக்கு 500 காலன் இறைக்கும் சின்னப் பம்ப்பே போதும். அப்புறம் ஹூட் (இன்ஜின் அறையின் மூடி) கழலாமல் இருக்க அதன் மேல் ஒரு பட்டை. எனக்கு முதல் வருஷம் நுரை அடித்த அடியில் ரப்பர் கொக்கி கழன்று ஹூட்டே போய்விட்டது, இன்ஜின் அறை முழுக்க மணலும் கடல்நீரும். கரைக்கு இழுத்துவந்து, ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் என் சட்டைமேல் பீய்ச்சி அடித்தது. அன்று அரை மணி நேரம் தாமதித்திருந்தால்கூட உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்வேன்.

கவிழ்ந்த வண்டியை இஷ்டத்துக்குப் புரட்டாதே. பின்பக்க ஸ்டிக்கரில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கமாகவே திருப்பு. எதிர்ப்பக்கம் திருப்பினால் எக்ஸாஸ்டில் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது ஃபுட்ஹோல்ட், அதாவது நிற்கும் இடத்தில் காலைச் செருகிக்கொள்ள ஒட்டும் பிடி. அது இல்லாமல் அலைமேல் குதித்தால் வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வண்டியைத் தரையில் வைத்து, கடலுக்குப் போட்டுக்கொள்ளும் அதே ஷூவோடு ஏறி, கைப்பிடியைப் பிடித்துக் குந்தி, கால் தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே டேப் ஒட்டு. பத்து தடவை ஏறி இறங்கிப் பார். பிறகு அந்த இடத்துப் பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டு எபாக்ஸி பசையில் ஃபுட்ஹோல்டை ஒட்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலியஸ்டர் ரெசின் வாங்கிவிடாதே, இந்த வண்டியின் ஹல்லில் (அடி உடலில்) அது சரியாகப் பிடிக்காது, முதல் பெரிய குதிப்பிலேயே பிய்ந்துவிடும்.

பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை 50:1 கணக்கில் கலந்து ஊற்று, அதாவது 20 லிட்டருக்கு 400 மில்லி. வீட்டுக்கு வந்ததும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவும்போது முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய், பிறகுதான் தண்ணீர்க் குழாயைத் திற. நிறுத்தும்போது முதலில் குழாயை மூடு, பிறகு இன்ஜினை நிறுத்து. மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

ஆகஸ்டிலும் அங்கே தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், தடிமனான வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) வாங்கு. ஹெல்மெட்டும் கட்டாயம். டோரி எனும் மீன்பிடிப் படகுகள் மணலிலிருந்து கடலில் இறங்கும் இடத்தையும், பலகையோடு சர்ஃபிங் செய்பவர்களையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போய் ஓட்டு.

டேப் ஒட்டியதும் ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எபாக்ஸியைக் கலக்காதே.

அன்புடன்,
அண்ணன்