துணையின்றி நடக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து வயதுப் பிள்ளை தெருவில் தனியாக நடந்து போனால், அதைப் பெற்றவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று பேசும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. தம் பிள்ளையால் தனியே போய்வர முடியும் என்று நன்கு அறிந்த பெற்றோர்கூட, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே அதைத் தனியே விடத் தயங்குகிறார்கள்.

இந்த மாற்றம் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 சதவீதத்தினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றார்கள். 1990-இல் மேயர் ஹில்மன் என்ற பெயருடைய ஆய்வாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மீண்டும் கணக்கெடுத்தபோது அது 9 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. பெற்றோர் சொன்ன முதன்மையான காரணம் வாகனங்கள் மீதான அச்சம். அந்தக் காலத்தில் சாலை விபத்துகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் சாலைகள் பாதுகாப்பானதால் அது குறையவில்லை, சாலைகளை விட்டே குழந்தைகள் விலக்கப்பட்டதால் குறைந்தது என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். ஆபத்தை உண்டாக்கும் வண்டிக்குப் போட வேண்டிய கடிவாளத்தை நாம் குழந்தைக்குப் போட்டுவிட்டோம்.

முன்பின் தெரியாதவர்களைப் பற்றிய அச்சமும் பெற்றோரை வாட்டுகிறது. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்களே. எனவே வீட்டுக்குள் வைத்துக் காப்பது மட்டும் போதாது. நேர்ந்ததைத் தயங்காமல் சொல்லும் துணிவைப் பிள்ளைக்கு ஊட்டுவது அதைவிட முக்கியம்.

நீர்நிலை அருகே விளையாடும் சிறு குழந்தையை விட்டு ஒரு கணமும் கண்ணை எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே கண்காணிப்பைப் பன்னிரண்டு வயதிலும் தொடர்ந்தால், வழி தவறினால் விசாரித்துத் திரும்பவும், விளையாட்டில் மூண்ட சண்டையைத் தாமே தீர்க்கவும், எவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கலாம் என்று கணிக்கவும் அந்தப் பிள்ளை எப்போதுதான் பழகும்? ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, விளையாடும் உரிமையை 31-ஆம் பிரிவில் உறுதிசெய்கிறது. பெற்றோரின் வழிகாட்டுதல் குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று 5-ஆம் பிரிவில் சொல்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலமோ, போதிய வயதும் பக்குவமும் உள்ள பிள்ளை தனியே பள்ளிக்கு நடந்து செல்வதையும் வெளியே விளையாடுவதையும் பெற்றோரின் அலட்சியமாகக் கருதக் கூடாது என்று 2018-இல் சட்டமே இயற்றியது. இவ்வளவு இயல்பான ஒன்றுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது எனக்கு வேதனை அளிக்கிறது.

சாலையில் ஒரு குழந்தை அடிபட்ட செய்தியை வெளியிடும்போது, பெற்றோர் எங்கே இருந்தார்கள் என்பதோடு, அந்தச் சாலையில் வண்டிகள் எந்த வேகத்தில் செல்ல அனுமதி உள்ளது, கடப்பதற்குப் பாதுகாப்பான இடம் இருந்ததா என்பதையும் தங்கள் நாளிதழ் விசாரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்