உங்கள் பணம் வேண்டாம், அண்ணா

அன்புள்ள அண்ணா,

எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் உங்கள் முதலீட்டு நிதியம் போடவந்த பணத்தை ஏற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். மறுப்புக் கடிதம் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகும். இப்படிப் பகிரங்கமாக எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் நீங்கள் எங்களுக்குப் பணம் போடப்போவதாகத் திருகோணமலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. பதிலும் ஊருக்குத் தெரியட்டும். தொகையை எழுதவில்லை. கடைசிக் கூட்டத்தில் உங்கள் பங்காளி சொன்னதையும் எழுதவில்லை.

திருக்கடலூர் மீன்வாடியில் அந்தக் காலை நினைவிருக்கிறதா? மீனவர்களுக்கு முற்பணம் கொடுத்து மீனை எடுக்கும் சம்மாட்டியின் கணக்குக் கொப்பியைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்திருந்தோம். மீன் ஏலம் கூறி முடிந்த நேரம். ஈரச் சாரத்தோடு வந்த கிழவர் ஒருவர் கதவோரம் நின்று, தன் பெயரில் முற்பணம் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டார். சம்மாட்டி வாய் திறக்குமுன் நீங்கள் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டீர்கள். செதில் ஒட்டிய விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார்: வலைக்கு, இயந்திரத்துக்கு, மகளின் கலியாணத்துக்கு. சம்மாட்டியின் முகம் கறுத்தது. நமக்கு வரவேண்டிய மிச்சக் காசு மாதக்கணக்கில் இழுபட்டது. நீங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. உங்களோடு வேலை செய்வது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

உங்கள் ஒப்பந்த வரைவை வாசித்தபோது அந்தக் கொப்பிதான் கண்ணில் நின்றது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது. உங்களிடம் வாங்கினால், நிறுவனம் விலைப்படும்போது முதலில் உங்கள் பணம், மிச்சம்தான் எங்களுக்கு. உலக வழமை என்றீர்கள். தெரியும். பத்து ஆண்டளவில் நிதியத்தை முடித்துப் பணம் தந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போட்டதில் பல மூழ்கும், ஒன்றிரண்டு பல மடங்கு பெருகினால்தான் கணக்கு நேராகும். வாடிகளுக்கும் ஐஸ் கடைகளுக்கும் மென்பொருள் செய்து அளவாக இலாபம் காணும் நிறுவனம் அந்தக் கணக்கில் தோல்விதான்.

மார்க் அன்ட்ரீசன் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அவர் சேர்ந்து தொடங்கிய அமெரிக்க இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் 1995 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தபோது அவருக்கு 24 வயது. 28 டொலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 58 டொலரைத் தாண்டி முடிந்தது. 2009இல் பென் ஹொரோவிட்சோடு 30 கோடி டொலரில் நிதியம் தொடங்கியபோது, நிறுவனம் நடத்தியவர்களே அங்கே முதலீட்டாளராக வேண்டும் என்று வைத்தார்கள். தொடங்குபவனின் வலி தெரிந்தவன் கொடுக்கும் காசு வேறு காசு என்றீர்கள். நானும் நம்பினேன். அந்த வரைவில் எந்த வரியில் அந்த வலி இருக்கிறது, அண்ணா?

கோபத்தில் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள். 2022இல் மின்சாரம் நாளுக்கு 13 மணிநேரம் வரை நின்றபோது எங்கள் பிள்ளைகளின் சம்பளத்துக்கு நீங்கள் கைக்காசு அனுப்பினீர்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. நிதியத்தின் பணம் உங்களுடையதல்ல, நீங்களும் ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் உங்கள் கொழும்பு நிறுவனத்தை விற்றபோது, இங்கிருந்து அங்கே வேலைக்கு நான் அனுப்பிவைத்த பிள்ளைகள் பத்திரிகை பார்த்துத்தான் அதை அறிந்தார்கள். அவர்களின் தாய்மார் என் வாசலுக்குத்தான் வந்தார்கள், உங்கள் வாசலுக்கு அல்ல.

ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வருவீர்கள்தானே, வீட்டில் சாப்பிட வாருங்கள். அதற்கு முன் திட்ட வேண்டுமென்றால் நீங்களே அழையுங்கள். அலுவலகத்துப் பிள்ளைகளைக் கொண்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

உங்கள் தங்கை